முடுக்கத்தைத் தேடி சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள், சனி: மெரினா

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, ஈர மணல் ஆரம்பிக்கிற இடத்தில் வேலை தொடங்குகிறது. காலை ஆறரைக்கே வந்துவிடுவது நல்லது. வெயில் ஏறினால் மேல் மணல் காய்ந்து பொலபொலவென்று சரியும், குண்டு விழுந்த குழி நிற்காது.

கையில் வேண்டியவை 25 மி.மீ. பால்ரஸ் குண்டு ஒன்று (எடை சுமார் 64 கிராம்), டேப் ஒன்று, பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று. அலை தொட்டுப்போன கெட்டி மணலும் ஆகாது, கடைகள் பக்கத்து உதிரி மணலும் ஆகாது. கால் வைத்தால் தடம் மட்டும் பதிகிற நடுப்பகுதிதான் தோது. ஸ்கேலால் இழுத்து மட்டம் செய்துகொண்டு, குண்டை 10, 40, 90, 160 செ.மீ. உயரங்களிலிருந்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் புது இடத்தில் விட வேண்டும். ஒரே இடத்தில் விட்டால் மணல் இறுகி, நாலாவது குழி மூன்றாவதைவிடச் சின்னதாகக்கூடத் தெரியும்.

மணலைத் தொடும்போது குண்டின் வேகம் முறையே 1.4, 2.8, 4.2, 5.6 மீ/வி. உயரம் 1, 4, 9, 16 என்று ஏற, வேகம் 1, 2, 3, 4 என்று ஏறுகிறது. குழி சொல்வது இவ்வளவுதான்: விழுகிற பொருள் ஒரே வேகத்தில் விழுவதில்லை, போகப்போக வேகம் கூடுகிறது. வேகம் இப்படி மாறும் வீதத்துக்குத்தான் முடுக்கம் என்று பெயர். இதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். லாம்ப்சகஸ் ஊர்க்காரர் ஸ்ட்ராட்டோ, அரிஸ்டாட்டிலின் பள்ளியில் வந்த தலைவர். ஒரு விரல்கடை உயரத்திலிருந்து விட்ட கல் தரையில் ஒன்றும் செய்வதில்லை, நூறடியிலிருந்து விட்டால் பலமாக அடிக்கிறது. கல் அதே கல், எடை அதே எடை, ஆகவே மாறியது வேகம்தான் என்பது அவர் வாதம்.

அவருடைய இன்னொரு சாட்சிக்கு மெரினா தேவையில்லை, மழை நாளில் சன்ஷேடிலிருந்து கொட்டுகிற தண்ணீர் போதும். மேலே ஒரே தாரையாக இருப்பது கீழே வரவர மெலிந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக அறுந்துபோகிறது. முன்னால் போகும் நீர் பின்னால் வருவதைவிட வேகமாகப் போனால்தானே இடைவெளி விழும்? குழாயடியில் இதை அளந்தும் பார்க்கலாம். மெதுவாகத் திறந்த குழாயில் வாயருகே தாரை 8 மி.மீ. தடிமனும் 0.3 மீ/வி வேகமும் கொண்டிருந்தால், 20 செ.மீ. கீழே வேகம் 2 மீ/வி ஆகும். தடிமன் சுமார் 3 மி.மீ.தான் இருக்கும். ரொம்பத் திறந்துவிட்டால் நீர் நுரைத்துக் கொட்டும், அளவு எடுக்க முடியாது. வாயில் நுரைவலை மாட்டிய புதுக் குழாய்களும் ஆகாது.

அரிஸ்டாட்டில் தரப்பைக் கேலி செய்வது இன்று சுலபம். கனமானது வேகமாக விழும், ஊடகம் அடர்த்தியானால் மெதுவாக விழும் என்றார் அவர். தண்ணீரில் மூழ்கும் கூழாங்கல்லையும் மணலையும் பார்த்தால் அது உண்மையாகவே தோன்றும். காற்றில்தான் அது உடைகிறது. 6-ம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் ஜான் ஃபிலோபோனஸ், எடையில் பெரிய வித்தியாசமுள்ள இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால் விழும் நேரத்தில் வித்தியாசம் மிகச் சொற்பமே என்று எழுதிவிட்டார். ஆனால் 'எவ்வளவு சொற்பம்' என்று அவரால் சொல்ல முடியவில்லை. 160 செ.மீ. விழ ஆகும் நேரம் 0.57 விநாடி. கண்ணிமைத்துத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிற ஒன்றை எந்த நீர்க்கடிகாரத்தால் நறுக்கிப் பார்ப்பது?

சிக்கல் அங்கேதான். தூரத்தை முழம் போட்டு அளக்கலாம். நேரத்தைத் துண்டு போடத் தெரியாதவரைக்கும் முடுக்கம் வெறும் பேச்சுதான்.

கலங்கரை விளக்கத்தின் உயரம் சுமார் 46 மீட்டர். அங்கிருந்து ஒரு குண்டு விழ 3.07 விநாடி ஆகும், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 108 கி.மீ. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் போதும். மேலே போகிறவர்கள் கைக்குட்டையைக்கூடக் கீழே விடக் கூடாது.

இரண்டாம் நாள், ஞாயிறு: பாரிமுனையிலிருந்து திருவல்லிக்கேணி

சாமான்களை நேற்றே வாங்கியிருக்க வேண்டும், ஞாயிறன்று பாரிமுனையில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். 25 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிள் எட்டடி, அதே நீளத்துக்கு நேரான ரீப்பர் கட்டை ஒன்று, ரசமட்டம், தையல் நூல், பெவிக்விக். எட்டடி ஆங்கிளை ஆட்டோவில் குறுக்கே வைத்துக்கொண்டு வர முடியாது. முன் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் சாய்த்து, வெளியே நீட்டும் முனையில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் மூலைக்கு மூலை போட்டால் எட்டடி இடம் கிடைத்துவிடும். மொட்டை மாடி வேண்டாம். பிற்பகலில் கடற்காற்று குண்டை ஒன்றும் செய்யாது, ஆனால் காதில் விழ வேண்டிய சத்தத்தைக் கெடுத்துவிடும். இன்று கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை.

ஆங்கிளை 'வி' வடிவில் வாய் மேலே பார்க்க வைத்து, ரீப்பர் கட்டையோடு சேர்த்துக் கட்டவும். 2.40 மீட்டர் நீளத்துக்கு ஒரு முனை 8 செ.மீ. உயரட்டும். இங்கே எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: இரண்டு முனைகளில் மட்டும் முட்டுக் கொடுத்தால் ஆங்கிள் தன் எடையாலேயே நடுவில் தொய்யும். 5 மி.மீ. தொய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதனால் மேல் முனையில் சாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், கீழ் முனையில் அதே அளவு குறையும். அப்புறம் எந்தக் கணக்கும் ஒத்துவராது. முனைக்கு முனை நூலை விறைப்பாகப் பிடித்துப் பார்த்து, 60 செ.மீ.க்கு ஒரு முட்டு கொடுங்கள். மடித்த செய்தித்தாளே போதும்.

இனி மேல் முனையிலிருந்து 15, 60, 135, 240 செ.மீ. என்று குறியிடவும். முதல் மூன்று குறிகளிலும் தையல் நூலை ஒட்ட வேண்டும். நூலை ஆங்கிளைச் சுற்றிக் கட்டினால் அது வாயின் குறுக்கே பாலம் போல் நிற்கும், குண்டு அதில் முட்டி நின்றுவிடும். நூல் 'வி'யின் இரண்டு சுவர்களோடும் படிந்து, அடிவரைக்கும் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் ஒரு சொட்டு பெவிக்விக், அதுவும் விளிம்போரமாக. குண்டு உருளும் தடத்தில் பசை பட்டால் அது மேடாகிவிடும். 240-ல் ஒரு மரத்துண்டை அடைப்பாக வையுங்கள்.

குண்டை விரலால் விடாதீர்கள், விடும்போதே ஒரு தள்ளு விழுந்துவிடும். ஸ்கேலைக் குறுக்கே வைத்துத் தடுத்து, அதைச் சரிவின் திசையிலேயே வெடுக்கென்று எடுக்க வேண்டும்.

இப்போது கேளுங்கள். விட்ட கணம், டிக், டிக், டிக், கடைசியில் டொக். நான்கு இடைவெளியும் ஒரே காலப்பிரமாணத்தில் விழும், ஒவ்வொன்றும் சுமார் 1.29 விநாடி. தூரங்களோ 15, 45, 75, 105 என்று நீண்டுகொண்டே போகின்றன. அதாவது 1, 3, 5, 7. மிருதங்கம் படிப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் தொடையில் தாளம் போடச் சொல்லுங்கள். நூலின் இடம் பிசகியிருந்தால் கடிகாரம் சொல்வதற்கு முன் அவர் சொல்லிவிடுவார். முதல் குறியில்தான் கவனம் அதிகம் வேண்டும். அங்கே குண்டு மெதுவாகப் போவதால் ஒரு செ.மீ. பிசகினால் 0.04 விநாடி தாளம் தப்பும். கடைசிக் குறியில் அதே ஒரு செ.மீ.க்கு 0.01 விநாடிதான்.

கலிலியோ 1603, 1604 வாக்கில் படுவாவில் செய்தது இதன் மூத்த வடிவம். அவர் அப்பா வின்சென்சோ லூட் வாத்தியக்காரர். அந்த வாத்தியத்தின் கழுத்தில் நரம்பு கட்டிய கட்டைகள் உண்டு. சாய்வுப் பலகையிலும் நரம்புக் கட்டு போட்டுக் காதால் நேரத்தைச் சமன் செய்திருக்கலாம் என்று 1970-களில் ஸ்டில்மன் டிரேக் என்ற வரலாற்றாசிரியர் ஊகித்தார். கலிலியோ 1638-ல் அச்சிட்ட நூலில் சொல்லியிருப்பது வேறு முறை: சுமார் 12 முழ நீளப் பலகை, அதில் வெட்டி வழவழப்பாக்கித் தோல்தாள் ஒட்டிய பள்ளம், நன்றாக உருண்ட வெண்கலக் குண்டு, நேரத்துக்கு எடை போட்ட தண்ணீர்.

அந்தத் தண்ணீர் முறைக்குச் சென்னையில் கிடைக்கிற சாதனம் 20 லிட்டர் கேன். காலியான கேனின் அடியோரத்தில் 3 மி.மீ. துளை போட்டு, 30 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பி, துளையை விரலால் பொத்திக்கொள்ளுங்கள். குண்டு கிளம்பும்போது விரலை எடுத்து, டொக் கேட்டதும் பொத்தவும். விநாடிக்குச் சுமார் 10 கிராம் நீர் வரும். முழு ஓட்டத்துக்கு 50 கிராமுக்குச் சற்று மேல், 60 செ.மீ. ஓட்டத்துக்கு அதில் சரிபாதி. தூரம் நாலில் ஒன்று, நேரம் இரண்டில் ஒன்று. சமையலறைத் தராசு ஒரு கிராம் வரை காட்டினால் 0.1 விநாடி கையில் வந்துவிடுகிறது. கேன் அகலமாக இருப்பதுதான் சூட்சுமம். 50 கிராம் போனால் நீர்மட்டம் ஒரு மி.மீ.கூட இறங்காது, ஆகவே ஓட்டம் தளர்வதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலில் செய்தால் மட்டம் சட்டென்று இறங்கி, பின்பாதி நேரம் குறைவாகக் காட்டும்.

கலிலியோ செய்ததன் சாமர்த்தியம் இதுதான். நேரத்தை நறுக்கக் கத்தி இல்லை, அதனால் விழுவதையே மெதுவாக்கிவிட்டார். பைசா கோபுரத்தில் குண்டு போட்ட கதையைப் பாடப்புத்தகம் விடாமல் சொல்கிறது. அதை முதலில் எழுதியவர் அவருடைய சீடர் விவியானி, அதுவும் கலிலியோ இறந்த பிறகு. பலகையை விட்டுவிட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நம் பாடத்திட்டத்தின் வழக்கம்.

கணக்கு கலிலியோவுக்கு முன்பே தயாராக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரியில் 1335-ல் ஹெய்ட்ஸ்பரி, சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரம் அதன் நடுக்கண வேகத்தில் சீராகப் போயிருந்தால் கடக்கும் தூரத்துக்குச் சமம் என்று எழுதிவிட்டார். அதே நூற்றாண்டில் பாரிஸில் ஒரேம் அதைப் படமாக்கினார்: கிடையில் நேரம், நெட்டில் வேகம், வரும் முக்கோணத்தின் பரப்பு தூரம். ஆனால் அது அவர்களுக்கு அறிவுப் பயிற்சி. கல் விழுவது அப்படித்தான் என்று 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொமிங்கோ டி சோட்டோ சொன்னார், யாரும் அளக்கவில்லை.

அளந்தவரும் முதலில் தடுமாறினார். 1604 அக்டோபரில் நண்பர் சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ ஒற்றைப்படை (1, 3, 5, 7) விதியைச் சரியாகச் சொல்லிவிட்டு, அதற்குக் காரணமாக வேகம் கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று எழுதினார். தூரம் பூஜ்யம் என்றால் வேகமும் பூஜ்யம், அப்படியென்றால் பொருள் கிளம்பவே கிளம்பாது. தூரத்துக்கு அல்ல, நேரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று அவர் தெளிவாக அச்சில் சொல்ல முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. நேரத்தை ஒரு அச்சாக நினைப்பது அவ்வளவு பழக்கமில்லாத விஷயம்.

இன்றைய பலகையிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தை எடுக்க முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2.40 மீட்டருக்கு 5.15 விநாடி வந்தால் முடுக்கம் 0.181 மீ/வி². இதைச் சாய்வால் (முப்பதில் ஒன்று) வகுத்தால் 5.4 வரும், சென்னைக்குரிய 9.78 வராது. குண்டு வழுக்கவில்லை, உருளுகிறது. உருட்டுவதற்கே ஒரு பங்கு போய்விடுகிறது. தட்டைப் பலகையில் ஏழில் ஐந்து பங்குதான் மிஞ்சும். நேர்கோண 'வி'யில் ஒன்பதில் ஐந்துதான். 5.43-ஐ 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 9.77 வந்துவிடும். கலிலியோவுக்கு இந்தப் பங்கு தெரியாது. விகிதங்கள் அதனால் பாதிக்கப்படுவதில்லை என்பதால் விதி தப்பித்தது. ஆனால் 1632 நூலில் அவர் கொடுத்த அளவு, 100 பிராச்சியோ (ஒன்று சுமார் 58 செ.மீ.) விழ 5 விநாடி என்பது, உண்மையான தூரத்தில் ஏறத்தாழ பாதிதான்.

மூன்றாம் நாள், திங்கள்: நுங்கம்பாக்கம்

கல்லூரிச் சாலையில் வானிலை மையத்தின் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. வானாய்வகத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங் பெயரும் ஆண்டும் அதில் உண்டு. தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள். தொலைநோக்கி அதிராமல் இருக்கத்தான் அவ்வளவு கனமான கல். உள்ளே போக முன்அனுமதி வேண்டும்.

நேற்று நேரத்தை எடை போட்டோம். அடுத்த கத்தி ஊசல். அதன் முதல் பெரிய பயனாளி போலோன்யாவின் ஏசுசபைத் துறவி ரிச்சோலி. 1642-ல் ஒன்பது துறவிகள் முறைவைத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, விநாடிக்கு ஒன்று ஆட வேண்டிய ஊசலை எண்ணினார்கள். 86,400 வந்திருக்க வேண்டும், வந்தது 87,998. இரண்டு சதவீதத்துக்குள் பிழை. அதை வைத்து விநாடியை ஆறாக நறுக்கும் குட்டி ஊசல் ஒன்றைத் தரப்படுத்தி, சுமார் 97 மீட்டர் அசினெல்லி கோபுரத்திலிருந்து குண்டு விட்டார்கள். 1651-ல் வெளியான அவர் அட்டவணையில் 1, 2, 3, 4 விநாடிக்குத் தூரம் 15, 60, 135, 240 ரோமானிய அடி. நேற்றைய ஆங்கிளில் போட்ட குறிகளைத் திருப்பிப் பாருங்கள். கலிலியோவை மறுக்கக் கிளம்பியவர் ரிச்சோலி. அளந்த பிறகு ஒப்புக்கொண்டு எழுதினார்.

நமக்கு வேண்டிய ஊசல் காசிமேட்டில் விற்கும் தங்கூசி நரம்பிலும் கொத்தனாரின் தூக்குக்குண்டிலும் இருக்கிறது. பருத்தி நூல் வேண்டாம். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது காலைக்கும் மாலைக்கும் நீளம் மாறும். நரம்பைக் கொக்கியில் வெறுமனே முடிந்தால் முடிச்சு உருளும், ஆடும் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவே இறுக்கிக் கவ்விப் பிடித்தால் ஆடும் புள்ளி அசையாது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பது அடுத்த தொல்லை. தூக்குக்குண்டின் எடைமையம் எங்கே என்று வெளியிலிருந்து தெரியாது. தெரிந்துகொள்ளவே வேண்டாம்: ஒரு நீளத்தில் ஆட்டுங்கள், பிறகு சரியாக 50 செ.மீ. குறைத்து ஆட்டுங்கள். இரண்டு அலைவுநேரங்களையும் (ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) வர்க்கப்படுத்திக் கழித்து, 39.48-ஐ (அதாவது 4π²) 0.5-ஆல் பெருக்கி அந்த வித்தியாசத்தால் வகுக்கவும். 50 அலைவுக்கு 100.4 விநாடியும் 71.0 விநாடியும் வந்தால் விடை 9.79. நீளமான ஊசலின் நேரத்தில் 0.2 விநாடி தவறி 100.6 என்று எழுதினால் 9.72 ஆகிவிடும். அதனால் தனியாக ஒரு முறை எடுத்து நம்ப வேண்டாம், ஐந்தாறு முறை எடுங்கள்.

எல்லோரும் செய்யும் பிழை எண்ணுவதில்தான். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போது 'ஒன்று' என்று ஆரம்பித்தால் 50 என்று நீங்கள் நினைப்பது 49. விடை நாலு சதவீதம் எகிறும். 'பூஜ்யம்' என்று ஆரம்பியுங்கள். ஓரத்தில் நிற்கும்போது அல்ல, அடிப்புள்ளியைக் கடக்கும்போது அழுத்துங்கள். ஓரத்தில் ஊசல் தயங்கும், கை எப்போது அழுத்துவது என்று தெரியாமல் தடுமாறும். வீச்சு 5 பாகைக்குள் இருக்கட்டும். 20 பாகைக்கு இழுத்துவிட்டால் அலைவுநேரம் 0.8 சதவீதம் கூடும். அலைவுநேரம் வீச்சைப் பொறுத்ததல்ல என்று கலிலியோ நினைத்தார். அது சின்ன வீச்சுக்கு மட்டும்தான் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் டச்சு அறிஞர் ஹாய்கன்ஸ். 1659-லேயே ஊசலைக் கொண்டு விழும் தூரத்தைத் துல்லியமாக எடுத்துவிட்டார்: முதல் விநாடியில் 15 பாரிஸ் அடி, ஒரு அங்குலம். கோபுரமே தேவையில்லாமல் போயிற்று.

1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ரிஷே பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைச் சுமார் 2.8 மி.மீ. குட்டையாக்கிச் சரிசெய்தார். முடுக்கம் உலகெங்கும் ஒரே எண் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. லண்டனில் 9.812, சென்னையில் 9.783 என்று போட்டுப் பாருங்கள்: அங்கே சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் நுங்கம்பாக்கத்தில் நாளுக்குச் சுமார் 2 நிமிடம் 8 விநாடி தாமதமாகும். நம்மூர்ச் சூட்டில் பித்தளைத் தண்டு நீள்வதைத் தனியாகக் கழிக்க வேண்டும். 15 பாகை வெப்ப வித்தியாசத்துக்கு அது மட்டும் 12 விநாடி.

இந்தத் தூண் நின்ற வானாய்வகத்தில், 1821-ல் அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் இதைத்தான் அளந்தார். இங்கிலாந்தின் கேட்டர் வடிவமைத்த பித்தளை ஊசல், கத்திமுனையில் ஆடுவது. முடிவுகள் 1822-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தன. லண்டனுக்கு விநாடி ஊசலின் (ஒரு பக்க ஆட்டத்துக்கு ஒரு விநாடி எடுப்பது) நீளம் 39.139 அங்குலம் என்று கேட்டர் கண்டிருந்தார். சென்னையில் அது 39.02 அங்குலத்தை ஒட்டி வரும். வித்தியாசம் 3 மி.மீ.

மூன்று மி.மீ. வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல அவர்கள் கையாண்ட தந்திரம் அழகானது. கடிகாரத்தின் ஊசலுக்கு முன்னால் சோதனை ஊசலைத் தொங்கவிட்டு, இரண்டும் ஒன்றாக அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தைப் பார்ப்பார்கள். மெல்ல மெல்ல ஒன்று பின்தங்கி, மறுபடி ஒன்றாகச் சேரும். கடிகாரம் 500 விநாடி போவதற்குள் சோதனை ஊசல் 498 ஆட்டம் ஆடியிருந்தால் விகிதம் கையில் வந்துவிடும். சேரும் கணத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு முழு விநாடி தவறினாலும் விடையில் பிழை 1,25,000-ல் ஒரு பங்குதான். ஸ்டாப்வாட்ச் இல்லாத காலத்துக் கத்தி, நம் விரலைவிடப் பல நூறு மடங்கு கூர்மை.

தமிழில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதையும் முடுக்குவது என்றுதான் சொல்வோம். முடுக்கம் என்று பெயர் வைத்தவர் இதை நினைத்து வைத்தாரோ இல்லையோ, பொருத்தம்.

நான்காம் நாள், செவ்வாய்: பரங்கிமலை

மெட்ரோவில் இறங்கி நடந்தால் அடிவாரம். ஏறும் படிகள் நூற்றுமுப்பதுக்குச் சற்று மேல். மலை சுமார் 90 மீட்டர். ஒரு ஊசல் கடிகாரத்தை அடிவாரத்திலிருந்து உச்சிக்குத் தூக்கிப்போனால் நாளுக்கு ஒரு விநாடி போலத் தாமதமாகும். பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு விலகிவிட்டோம். மலையின் சொந்த நிறை கொஞ்சம் ஈடுகட்டும். தங்கூசி நரம்பில் இது தெரியாது, முயல வேண்டாம்.

1802 ஏப்ரலில் நில அளவையாளர் லாம்ப்டன் இந்த மலைப் பக்கத்தில்தான் தன் அளவைக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார், நீளம் ஏழரை மைலுக்குச் சற்று மேல். நில அளவைக்கும் முடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பூமி சுழல்வதால் இடையில் பருத்து, துருவங்களில் தட்டையாக இருக்க வேண்டும் என்று நியூட்டன் 1687-ல் கணக்கிட்டார், 230-ல் ஒரு பங்கு தட்டை என்று. ரிஷேயின் ஊசல் அவருடைய சாட்சிகளில் ஒன்று. லாம்ப்டன் தூரத்தால் கேட்டதும் கோல்டிங்ஹாம் ஊசலால் கேட்டதும் ஒரே கேள்விதான்: பூமி எவ்வளவு தட்டை? இன்றைய விடை 298-ல் ஒரு பங்கு.

உச்சியிலிருந்து விமான நிலைய ஓடுபாதை தெரிகிறது. பயணிகள் விமானம் ஒன்று நிற்கும் நிலையிலிருந்து 35 விநாடியில் மணிக்கு 270 கி.மீ. எட்டி எழும்பினால் சராசரி முடுக்கம் 2.1 மீ/வி². விழும் குண்டினுடையதில் ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சின் சத்தத்தை வைத்து நேரம் எடுக்காதீர்கள், ஒலி உங்களிடம் வரவே சில விநாடி ஆகும். கோல்டிங்ஹாம் இதே மலையிலும் கோட்டையிலும் பீரங்கி வெடிக்கவைத்து ஒலியின் வேகத்தையே அளந்தார்.

இந்த மலைக்குப் பக்கத்திலேயே கத்திப்பாரா மேம்பாலம். வேகமானி முள் அசையாமல் 30 கி.மீ.யில் நின்றாலும் வளைவில் உடம்பு சாய்கிறது. வளைவின் ஆரம் 50 மீட்டர் என்று வைத்தால் 1.4 மீ/வி² முடுக்கம், வளைவின் மையத்தை நோக்கி. வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினாலும் அது முடுக்கம்தான் என்பதை எண்ணால் சொன்னவர் ஹாய்கன்ஸ்: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். இதை வைத்துத்தான் நியூட்டன் நிலவைப் பிடித்தார். நிலா 60 பூமி ஆரத் தொலைவில் இருக்கிறது, ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்றால் அதன் முடுக்கம் இங்குள்ளதில் 3,600-ல் ஒரு பங்காக இருக்க வேண்டும். இங்கே கல் ஒரு விநாடியில் விழும் தூரத்தை நிலா ஒரு நிமிடத்தில் விழ வேண்டும். ஒத்துவந்தது. பேச்சில் 'ஆக்சிலேட்டர்' என்றால் வண்டியை விரட்டும் ஒன்றைத்தான் சொல்கிறோம். உண்மையில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

விசை என்பது நிறை பெருக்கல் முடுக்கம் என்று பள்ளியில் எழுதும் வடிவம் நியூட்டனின் நூலில் அப்படியே இல்லை. 1750-ல் கணிதர் ஆய்லர் அதை அச்சுக்கு அச்சு சமன்பாடாக எழுதினார். சோதித்துக்காட்ட வசதியான கருவி வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. கேம்பிரிட்ஜின் ஆட்வுட் 1784-ல் அச்சிட்ட நூலில் வரும் கப்பி அது. ஒரு பக்கம் 500 கிராம், மறுபக்கம் 520, முடுக்கம் 0.19 மீ/வி². மறுபடியும் கலிலியோவின் பலகைதான், நெட்டாக நிறுத்தியது.

ஐந்தாம் நாள், புதன்: சென்ட்ரலிலிருந்து விமான நிலையம்

கடைசிக் கத்தி சட்டைப்பையில் இருக்கிறது. ஃபைபாக்ஸ் என்ற இலவச செயலி (ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்தது) ஃபோனின் முடுக்கமானியை நேரடியாகக் காட்டும். உள்ளே இருப்பது சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய சீப்பு. நடுச்சீப்பு வில்லில் தொங்குகிறது, அது அசைந்தால் பற்களுக்கிடையே மின்தேக்கம் மாறுகிறது. அவ்வளவுதான். வில்லில் தொங்கும் குண்டு.

கிளம்பும் முன் அறையிலேயே ஒன்று செய்யுங்கள். ஃபோனை மேசையில் வைத்தால் மேல்நோக்கி 9.8 காட்டும். அசையாமல் கிடக்கும் பொருளுக்கு எதற்கு முடுக்கம்? இப்போது 50 செ.மீ. உயரத்திலிருந்து தடித்த தலையணை மேல் தட்டையாக விடுங்கள். 0.32 விநாடிக்கு எண் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். விநாடிக்கு நூறு மாதிரி எடுக்கும் ஃபோனில் இது 32 புள்ளி, ஸ்ட்ராட்டோ கண்ணால் பிடிக்க முடியாததில் முப்பத்திரண்டு துண்டு. விழும்போதுதான் பூஜ்யம், கிடக்கும்போது 9.8. ஏனென்றால் கருவி அளப்பது மேசை கொடுக்கும் தள்ளலை, ஈர்ப்பை அல்ல. 1907-ல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது இதுதான்: தடையின்றி விழுபவன் தன் எடையை உணரமாட்டான்.

லிஃப்டில் இதைக் காலாலும் பார்க்கலாம். முள் வைத்த எடைமெஷின்தான் வேண்டும். டிஜிட்டல் மெஷின் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மாறாது. 60 கிலோ ஆள், லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்பும் அந்த ஓரிரு விநாடி, 66 கிலோ. நடுவில் சீரான வேகத்தில் போகும்போது மறுபடி 60.

மெட்ரோவில் ஃபோனைக் கையில் பிடிக்காதீர்கள், கை நடுக்கமே ரயிலைவிட அதிகம். இருக்கையில் தட்டையாக, நீளவாக்கு ரயிலின் திசையில் இருக்கும்படி வைத்து, பக்கத்தில் பையை அணைகொடுங்கள். கதவு திறந்து நிற்கும்போது பத்து விநாடி பதிவுசெய்து, அந்தச் சராசரியைப் பிறகு கழிக்கவும். பிடிவளையம் தொங்கும் பெட்டியென்றால் அதையும் பாருங்கள்: 1 மீ/வி² முடுக்கத்துக்கு அது 5.8 பாகை பின்னால் சாயும், 0.5-க்கு 2.9 பாகை. எதிர்ப்பக்கம் சாய்கிற ஒன்றும் உண்டு, ஹீலியம் பலூன். கார் கிளம்பினால் அது முன்னால் போகும், ஏனென்றால் கனமான காற்று பின்னால் ஒதுங்குகிறது. மெரினாவில் விற்பது ஹைட்ரஜனாக இருக்கலாம், வண்டிக்குள் ஏற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

முடுக்கத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போனால் வேகம், வேகத்தைக் கூட்டினால் தூரம். ஒரேம் போட்ட முக்கோணத்தின் பரப்புதான், ஆயிரம் துண்டாக. சுரங்கத்தில் ஜிபிஎஸ் கிடைக்காது என்பதால் இது பயனுள்ள வித்தைபோலத் தோன்றும். செய்துபார்த்தால் ரயில் நிலையத்தைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். ஃபோன் ஒரே ஒரு பாகை முன்பக்கம் தூக்கியிருந்தால் 0.17 மீ/வி² பொய்யாகச் சேரும். 30 விநாடியில் அது 5 மீ/வி வேகப் பிழை, 77 மீட்டர் தூரப் பிழை. இருக்கை முன்பின் சரிந்திருந்தால் அதுவே போதும். நிற்கும்போது எடுத்த சராசரியைக் கழித்தது இதற்காகத்தான்.

ஆனால் அந்தக் கழித்தலும் காப்பாற்றாத ஒரு இடம் இந்தப் பாதையில் இருக்கிறது. சைதாப்பேட்டை சுரங்க நிலையம், அடுத்த சின்னமலை உயரப் பாதை. நடுவில் ரயில் ஏறுகிறது. 3 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொண்டால், வேகம் துளிகூட மாறாமல் போனாலும் ஃபோன் 0.29 மீ/வி² முன்னோக்கிக் காட்டிக்கொண்டே இருக்கும். இருபது விநாடியில் மணிக்கு 21 கி.மீ. வேகம் இல்லாத இடத்திலிருந்து முளைத்துவிடும். பெட்டிக்குள் உட்கார்ந்து, முடுக்கமானியை மட்டும் பார்த்து, ரயில் ஏறுகிறதா முடுகுகிறதா என்று சொல்ல வழியே இல்லை. கருவியின் குறை அல்ல இது. ஐன்ஸ்டைன் 1907-ல் எடுத்துக்கொண்ட தொடக்கமே இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்பதுதான். 1915-ல் அதிலிருந்து பொதுச் சார்பியல் வந்தது. பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் செயலியில் சுழல்மானியையும் சேர்த்து இயக்குங்கள். பெட்டி மூக்கைத் தூக்கும் கணத்தில் அது ஒரு சின்ன மேடு காட்டும், வெளிச்சம் சன்னலில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்.